மாங்கொட்டைக் கரியும் நல்ல தண்ணியும்

மாங்கொட்டையை வைத்து எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்யப் போகிறேன் என்றதும் வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் கம்பெனிகள் கொட்டையை மலை மலையாகக் கொட்டுகின்றன. அதன் ஓட்டைக் கரியாக்கி, கரியின் மேல் அலுமினியத்தை ஏற்றினால், தண்ணீரில் உள்ள புளோரைடை அது பிடித்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. "உன் யோசனை, உன் பாடு. நான் கேள்வி மட்டும்தான் கேப்பேன்" என்றுவிட்டார் கைடு எபினேசர் சார்.

எனக்கு இது மார்க் சமாச்சாரம் இல்லை. உத்தனப்பள்ளி தாண்டி இருக்கும் எங்கள் ஊரில் போர் தண்ணீர் குடித்தே வளர்ந்தவள் அம்மா. அதிலுள்ள புளோரைடால் பல்லெல்லாம் பழுப்புக் கறை. சிரிப்பு வந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். கல்யாண போட்டோவிலும் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் நிற்பாள். அந்த முந்தானையின் மேல் எனக்குத் தீராத கோபம்.

முதல் கேன் போர் தண்ணீரை நானே பிடித்து வந்தேன். அளந்தால், லிட்டருக்கு நாலு மில்லிகிராம் புளோரைடு. ஒன்றரைக்கு மேல் இருந்தால் குடிக்க ஆகாது. கரிப்பொடி தயாரானதும், "காலேஜுக்கு நம்ம ஊட்டுத் தண்ணி ரெண்டு கேன் வேணும்மா" என்று போனில் கேட்டேன். ஓசூரில் வேலை பார்க்கும் அப்பா, கம்பெனி பஸ்ஸில் கொண்டுவந்து மூக்கண்டப்பள்ளியில் என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

பொடி போட்டுக் கலக்கி வடிகட்டினேன். அரை மில்லிகிராம்கூட இல்லை. மறுபடி செய்தேன். அதேதான். தலைகால் புரியவில்லை எனக்கு. சாரிடம் ஓடிச் சொன்னேன், ரிவ்யூவுக்குப் படமும் வரைந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள், கூட வேலை செய்யும் அனுப்ரியாவோடு பேசிக்கொண்டே ஒரு குடுவையில் பொடி போட மறந்தேன். போடாமலே அளந்தேன். அதிலும் அரைக்குக் கீழேதான் காட்டியது.

வராந்தாவுக்குப் போய் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"போர் தண்ணிதானே புடிச்சே?"

"ஏம் பாப்பா, அந்தக் கறத் தண்ணியவா காலேஜுக்கு அனுப்புவேன்? சாருங்க என்ன நெனப்பாங்க? ஒகேனக்கல் தண்ணி வந்த அன்னிக்கி, கேன நல்லா வெளக்கித்தான் புடிச்சு அனுப்புனேன்."

கத்த வாயெடுத்தேன். அதற்குள் வேறொன்று உறைத்தது. எங்கள் தெருவுக்கு அந்தக் காவிரிக் குழாய்த் தண்ணீர் எப்போதாவதுதான் வரும். வந்தாலும் ரெண்டு கேன் பிடிப்பதற்குள் நின்றுவிடும்.

"அப்போ ஊட்ல குடிக்க?"

"போர் தண்ணிதான். நமக்கென்ன, பழகுன வாயி."

போனை வைத்துவிட்டு அழுதேன். எந்தத் தண்ணீரை அவள் வாயிலிருந்து விலக்க இத்தனை பாடுபட்டேனோ, அதையே அவளைக் குடிக்க வைத்திருக்கிறது என் ஆராய்ச்சி.

நான் பிடித்து வந்த முதல் கேனின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் பொடி போட்டேன். நாலு, ரெண்டேகாலுக்கு இறங்கியது. அதற்கு மேல் இறங்க மாட்டேன் என்றது. எபினேசர் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொடி போடாத தண்ணிய ஒவ்வொரு கேன்லயும் அளந்தியா?"

"இல்ல சார்."

"சரி. பாதி இறங்கியிருக்கு. பாதின்னே எழுது. ஏன் பாதியில நின்னுச்சுன்னு தேடு."

அம்மா அனுப்பியதில் இரண்டாவது கேனைத் திறக்கவே இல்லை. சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். "இது என்னாம்மா, சாராயமா?" என்றார் கண்டக்டர். "தண்ணிண்ணா" என்றேன். அவர் நம்பவில்லை.

அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். கேனைப் பார்த்ததும் முகம் வாடிப் போயிற்று.

"ஏம் பாப்பா, திருப்பிக் கொண்டாந்துட்ட? காலேஜுல வேணாம்னுட்டாங்களா?"

"ஆமாம்மா. தண்ணி ரொம்ப நல்லா இருக்குதாம். அதான் வேணாம்னுட்டாங்க."

கேனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். முந்தானையைத் தூக்கக் கை இல்லை.