காற்றுக் கூரையும் அரை கப் காபியும்

1983 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பதுக்கு ஹால்ஸ்டன் நகரக் காற்றுக் கூரை அரங்கத்தில் மார்லோ ஹேகன் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே விழுந்தார். அவரோடு விழுந்த பனி தரைக்கு வந்து சேர்ந்தது. அவர் வரவில்லை. தரையிலிருந்து தொண்ணூறு அடி உயரத்தில், கிழக்குக் கோல் கம்பங்களுக்குச் சற்று இந்தப் பக்கம், ரப்பர் பூட்ஸும் கம்பளித் தொப்பியுமாக அப்படியே நின்றுவிட்டார். அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரி. ஹாட் டாக் ஒன்று ஒன்றேகால் டாலர். எங்கள் மரவெட்டிகள் அணி மூன்று புள்ளியில் ஐயோவாக்காரர்களை வென்றது. அந்தக் கோப்பை இன்றும் நகராட்சி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த அரங்கத்தின் மேல் எங்களுக்கு இருந்த மயக்கம் கொஞ்சநஞ்சமில்லை. வடக்கு மினசோட்டாவில் நவம்பரில் விழுகிற பனி ஏப்ரலில்தான் போகும். அதற்கு முன் திறந்தவெளியில், சூடான செங்கல்லைக் காலடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தவர்கள் நாங்கள். 1981-இல் பத்து ஏக்கர் துணியை இரண்டு அடுக்காகத் தைத்து, தூணும் உத்தரமும் இல்லாமல், இருபது ராட்சத மின்விசிறிகளின் காற்றால் மட்டுமே தூக்கி நிறுத்தினார்கள். உள்ளே வெளிச்சம் பால் கேனுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஒருவர் கைதட்டினால் நாலு பேர் தட்டியதாகக் கேட்கும். சாதாரணக் கதவு வைத்தால் காற்று போய்விடும் என்று சுழல் கதவுகள் வைத்தார்கள். வெளியேறும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல ஒரு காற்று தள்ளும். பாதிரியாரின் தொப்பி இரண்டு முறை கார் நிறுத்துமிடம் வரை போயிருக்கிறது. ஜனவரி மாதத்தில் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் சுகத்துக்காகவே ஒரு மணி நேரம் முன்னதாக வருகிற குடும்பங்கள் இருந்தன. ஆட்டம் பிறகுதான். பெயர்தான் அதற்குக் கால்பந்து. கையில் இடுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் முட்டி மோதுகிற ஆட்டம், கம்பங்களுக்கு நடுவே உதைப்பதற்கு மட்டும் எப்போதாவது கால்.

இருபது விசிறிகளுக்கும் பொறுப்பாளர் வெர்லின் ட்வெய்ட். மார்லோ அவருடைய தங்கை அர்டிஸின் கணவர், கூரைப் பணியாளர். கூரையில் பனி சேர்ந்தால் இரண்டு அடுக்குத் துணிக்கும் நடுவே சூடான காற்றை விட்டு உருக்குவார்கள். அதற்கும் மசியாத பனியாக இருந்தால் ஆள் ஏறி வெந்நீர்க் குழாயால் அடித்துக் கரைக்க வேண்டும். அன்று மூன்றாம் நாளாகப் பனி கொட்டியது. ஆட்டத்தின் நடுவே வெர்லின் மைத்துனரைக் கூப்பிட்டு, “நீ ஏறு மாப்பிள்ளை, காத்தை நான் பாத்துக்கறேன்” என்றார். மார்லோ மறுபேச்சில்லாமல் ஏறினார். காற்று குறையாது என்று சொன்னது தன் மச்சான் அல்லவா.

கடைசி நாலு விநாடி. புள்ளிகள் சமம். எங்கள் உதைப்பாளர் ஐம்பத்திரண்டு கெஜத்திலிருந்து கிழக்குக் கம்பங்களைப் பார்த்து நின்றார். அவர் காலுக்கு அது ஆகாத தூரம் என்று மைதானத்துக்கே தெரியும். வெர்லின் விசிறி அறையிலிருந்து, சரக்கு வண்டிகள் நுழையும் கிழக்கு லாரிக் கதவுக்குத் தொலைபேசியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். கதவுக் காவலாளி எதற்கு என்று கேட்காமல் பொத்தானை அழுத்தினார். கதவு உயர்ந்தது. அரங்கத்துக் காற்றெல்லாம் கிழக்கே ஓடியது, பந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, மூன்று புள்ளி. பந்து போய்ச் சேரும் முன்பே, அழுத்தம் குறைந்த கூரை பனியின் கனம் தாங்காமல் தொய்ந்தது, மார்லோ நின்ற இடத்தில் தையல் பிரிந்தது. உடனே கதவை இறக்கி விசிறிகளை முழு வேகத்தில் விட்டார் வெர்லின். பத்து நாளில் கிழிசலைத் தைத்தார்கள், மார்லோவை உள்ளே வைத்து.

இதை வெர்லின் மட்டும் செய்தார் என்று சொன்னால் பொய்யாகிவிடும். கதவு திறந்த அந்தக் கணத்தில் உள்ளே இருந்த ஐம்பதாயிரம் பேருக்கும் காது அடைத்தது. காற்று எங்கோ போகிறது என்று எல்லோர் காதும் சொன்னது. நாங்கள் எழுந்து நின்று கைதட்டினோம். அடைத்த காது அதற்குப் பிறகு திறக்கவில்லை. மருத்துவர்கள் குளிர்கால நீர்க்கோப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊர் முழுக்கத் தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கப் பழகிக்கொண்டது. ஏன் அடைத்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள்; ஊரே சேர்ந்து உட்கார்ந்தால் மறைக்கலாம்.

மார்லோ மேலே பழகிவிட்டார். அர்டிஸ் தினமும் ஒலிபெருக்கியை ஏற்றி இறக்கும் கூண்டில் சாப்பாடு ஏற்றினாள். செவ்வாய்க்கிழமை மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ், சனிக்கிழமை சுத்தமான சட்டை. குளிப்பது எப்படி, மற்றதெல்லாம் எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அது அவர் சொந்த விஷயம், நாங்கள் கேட்டதில்லை. 1985-இல் பந்து அவர் முழங்காலில் பட்டு ஒரு தகராறு வந்தது. அவர்மேல் பட்டால் மறுபடி உதைக்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். எங்கள் அணிக்கு மேலிருந்து சைகை காட்டுகிறார் என்று ஒரு வருடம் புகார் வந்தது. விசாரிக்க வந்தவர்கள், அவர் எதிரணி ஆட்டத்தை மட்டுமே பார்க்கிறார், எங்கள் அணி உதைக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்த வரியைப் படித்த அன்று வெர்லின் சாப்பிடவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் யாராவது காபிக்குக் கூப்பிட்டால் முதல் முறை வேண்டாம் என்க வேண்டும். இரண்டாம் முறை, தொந்தரவு எதற்கு என்க வேண்டும். மூன்றாம் முறை கேட்டால்தான், அரை கப் மட்டும் என்று உட்காரலாம். முதல் முறையே சரி என்கிறவன் அற்பன். மூன்றாம் முறை கேட்காதவன் மனதார அழைக்காதவன். அந்த முதல் வாரம் வெர்லின் மைதான நடுவில் நின்று, “கீழ வாயேன் மாப்பிள்ளை, காபி குடிக்கலாம்” என்றார். மார்லோ, வேண்டாம் என்றார். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மறுபடி கேட்டார். “உனக்கெதுக்கு மச்சான் தொந்தரவு” என்றார் மார்லோ, மரியாதையாக. மூன்றாம் முறை வெர்லின் கேட்கவில்லை. கேட்டால் அவர் வருவார். வந்தால் எதிரெதிரே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அந்தக் கதவைப் பற்றிப் பேச வேண்டும்.

வேறு யாராவது கேட்டிருக்கலாமே என்றால், கேட்டார்கள். பாதிரியார் ஒரு முறை கேட்டார். அவர் ஒஹையோக்காரர், முதல் பதிலையே நம்பிப் போய்விட்டார். நகரத் தலைவர் இரண்டு முறை கேட்டார், அதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது. அர்டிஸ் கேட்பதில் அர்த்தமில்லை, கட்டின மனைவியை யாரும் விருந்துக்கு அழைப்பவளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தக் கூரைக்கு உள்ளே இருக்கிற காற்று வெர்லினுடையது, கூப்பிட வேண்டியவரும் அவர்தான். ஒவ்வொரு வியாழனும் அந்த வாரத்துப் பாத்திரங்களை எடுத்துப்போக வரும்போது அவள், “கேட்டியாண்ணே?” என்பாள். “கேக்கறேன்” என்பார் வெர்லின். இருபத்தாறு வருடம் ஒரு பெண் இதையே கேட்டாள், படுக்கையின் ஒரு பக்கத்தை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொண்டு. அவளுக்குக் கதவைப் பற்றித் தெரியுமா என்று தெரியாது. அவளும் அன்று காது அடைத்தவர்களில் ஒருத்திதான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். வெர்லின் ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. காற்று ஒரு பங்கு குறைந்தால் மார்லோ ஒரு அடி இறங்கிவிடுவார் என்று, விசிறி அறையிலேயே கட்டில் போட்டுக்கொண்டார். பதவி உயர்வு வந்தது, வேண்டாம் என்றார். மூன்றாம் முறை கேட்டபோதும் வேண்டாம் என்றார், அதை ஊர் இன்னும் ஆச்சரியமாகச் சொல்லும். யாராவது தன்னைத் திட்டமாட்டார்களா என்று ஏங்கினார். 1991-இல் தேவாலயத்து மீன் விருந்தில், “அன்னிக்கு அந்தக் கதவு…” என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் வெண்ணெய்த் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். எதிரில் இருந்தவர், இந்த வருடம் மீன் பரவாயில்லை என்றார். இன்னொருவர், எல்லாம் இதைவிட மோசமாகப் போயிருக்கலாம் என்றார். எங்களில் ஒருவர் அன்று திட்டியிருந்தால் அந்த மனிதர் தூங்கியிருப்பார். இருபத்தைந்தாம் வருடம் அவருக்குக் கேடயம் கொடுத்தோம், ‘அழுத்தம் குறையாத பணிக்கு’ என்று பொறித்து. அதை அவர் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார்.

2009-இல் கண்ணாடிக் கூரையும் இரும்பு உத்தரமுமாகப் புது அரங்கம் கட்ட முடிவானது. விசிறி கிடையாது, கதவு எல்லாம் சாதாரணக் கதவு. பழைய கூரையின் காற்றை 2010 ஜனவரி 18, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இறக்குவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். மார்லோவுக்காகத் தீயணைப்புத் துறையினர் கீழே ஒரு பெரிய மெத்தையைப் பரப்பினார்கள். தொண்ணூறு அடிக்கு அந்த மெத்தை போதுமா என்று கேட்டதற்கு, போதாது என்று ஒப்புக்கொண்டார்கள். வேறு யோசனை யாரிடமும் இல்லை.

அன்று காலை பணியில் இருந்த ஆறு பேரும் மைதானத்தின் ஓரத்தில் நின்றோம். அர்டிஸ் காபி பிளாஸ்கும் மார்லோவின் ஞாயிற்றுக்கிழமைச் செருப்பும் கொண்டுவந்திருந்தாள். அண்ணனிடம் போய்ச் சத்தமில்லாமல் சொன்னாள்: “இன்னிக்கு வியாழக்கெழம இல்லதான். இருந்தாலும் கேக்கறேன்.”

வெர்லின் மைதான நடுவுக்கு நடந்தார். அவருக்கு அப்போது எழுபத்தொரு வயது. முதலில் வானிலையைப் பற்றிப் பேசினார். மேற்கே பனி வருகிறது போலிருக்கிறது என்றார். இருக்கும் என்றார் மார்லோ மேலேயிருந்து.

“மாப்பிள்ளை, அன்னிக்குக் காத்தை நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பாத்துக்கல. பந்து உள்ள போகணும்னு லாரிக் கதவைத் தெறக்கச் சொன்னேன். நீ மேல இருக்கேன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.”

கூரை அந்தக் கடைசி வார்த்தையை நாலு முறை திருப்பிச் சொன்னது.

“தெரியும் மச்சான்” என்றார் மார்லோ. “மேல நிக்கறவனுக்குத் தெரியாம கீழ கதவு தெறக்குமா? கால்ல துணி தளர்ந்தப்பவே தெரியும்.”

“ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல? இருபத்தாறு வருஷம்.”

“நீ சொல்லணும்ல.” பிறகு, தயங்கி, “ஒண்ணு சொல்லட்டுமா? பந்து என்னைத் தாண்டித்தான் போச்சு. பக்கத்துல பாத்தேன். அவன் நல்லாத்தான் ஒதச்சிருந்தான். கதவைத் தெறக்கலேன்னாலும் உள்ளதான் போயிருக்கும்.”

வெர்லின் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததைப் பார்க்காமல் நாங்கள் ஆறு பேரும் இருக்கைகளின் எண்களைப் படித்தோம். கடிகாரம் பத்துக்கு ஐந்து நிமிடம் காட்டியது. அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “கீழ வா. வீட்டுக்கு வா. காபி குடிக்கலாம்.”

“அப்படியா” என்றார் மார்லோ. “நீ இவ்வளவு தூரம் சொல்றே. அப்ப ஒரு அரை கப் மட்டும்.”

அவர் இறங்க நாலு நிமிடம் ஆயிற்று. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவர் போல ஒவ்வொரு காலாக வைத்துத் தடவி இறங்கினார். மெத்தை தேவைப்படவில்லை. அர்டிஸ் குனிந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றிச் செருப்பை மாட்டிவிட்டாள். இளைத்துப்போயிருக்கீங்க என்று மட்டும் சொன்னாள். வெர்லின் போய் விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். கூரை நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டு இருக்கைகளின் மேல் படிந்தது. அவர்கள் மூவரும் சுழல் கதவு வழியாக வெளியேறியபோது முதுகில் தள்ளக் காற்று இல்லை.

வெர்லின் வீட்டில் மார்லோ அரை கப் குடித்தார், பிறகு இன்னொரு அரை கப், வழக்கப்படி. அன்று மதியத்துக்குள் ஊரில் எல்லோருக்கும் காது திறந்துவிட்டது. மளிகைக் கடையில் குளிர்சாதனப் பெட்டி இத்தனை சத்தம் போடுகிறதா என்று வியந்தார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்க ஐயோவாவுக்குக் கடிதம் போனது. அவர்களும் இரண்டு முறை வேண்டாம் என்று எழுதினார்கள், மூன்றாம் கடிதம் இன்னும் போகவில்லை. வெர்லின் நன்றாகத் தூங்குகிறார் என்று கேள்வி. மார்லோ உறைந்த குளத்தில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போகிறார், கூரை இல்லாத இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறார்.

எனக்கு மட்டும் காது திறக்கவில்லை. அன்று மைதான நடுவில் வெர்லின் எல்லாவற்றையும் சொன்னார், கதவைத் திறந்தவன் பெயரைத் தவிர. லாரிக் கதவின் பொத்தான் என் கைக்குக் கீழே இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும். எனக்கும் அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. மார்லோ இப்போது எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீட்டில் இருக்கிறார். போன மாதம் வேலியோரம் நின்று காபிக்குக் கூப்பிட்டார், வேண்டாம் என்றேன். போன ஞாயிறு மறுபடி கூப்பிட்டார், தொந்தரவு எதுக்கு என்றேன். இன்று காலையிலிருந்து அவர் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறார், இந்தப் பக்கமாக வருகிறார்.