சந்திரமௌலியின் பெட்ரோல்

லூர்துசாமி குடிக்க மாட்டான். மராத்தி ஊரான போபோடியில் அவனைத் தெரிந்த தமிழர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் பெட்ரோல் பங்க் முதலாளி சந்திரமௌலி சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சு அவனைக் குடிகாரனாக்கிவிட்டது.

போன வருட மழைக்காலத்தில் ஒருநாள், அந்த பங்க்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு லூர்துசாமி தன் டாக்ஸியுடன் பைபாஸில் ஏறினான். எத்தனால் என்கிற சாராயச் சத்து கலந்த பெட்ரோல் வந்ததிலிருந்தே வண்டி முன்போல இழுப்பதில்லை, மைலேஜும் விழுந்துவிட்டது என்று அவன் புலம்புவதுண்டு. அன்று நடந்தது வேறு. வண்டி திக்கியது, குலுங்கியது, நடுச்சாலையில் அணைந்துபோனது. எச்சரிக்கை முக்கோணத்தை எடுக்க டிக்கிப் பக்கம் போனவனை ஒரு லாரி இடித்துத் தள்ளியது. வலது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

மெக்கானிக் இர்பான் டேங்க்கை வடித்துப் பார்த்துவிட்டு லூர்துசாமியின் மனைவி ஜான்சியிடம் சொன்னான். "பங்க் டேங்க்ல மழைத்தண்ணி இறங்கியிருக்கு அண்ணி. எத்தனால் தண்ணியை இழுத்துக்கும். ரொம்பப் போச்சுன்னா ரெண்டும் சேந்து அடியில உக்காந்துடும். இன்ஜினுக்குப் போனது அதுதான்."

ஜான்சி நேராக பங்க்குக்குப் போனாள். சந்திரமௌலி நாலு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எத்தனால் வண்டிக்குள்ள இல்லம்மா, உன் வீட்டுக்காரன் வயித்துக்குள்ள இருந்திருக்கும். அவனைப் போய்க் கேளு" என்றார். நாலு பேரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு ஊரெல்லாம் பரவியது. மாதா கோயிலில்கூட யாரோ "குடிச்சிருந்தியா?" என்று கேட்டுவிட்டார்கள். லூர்துசாமி வாசலைத் தாண்டுவதை நிறுத்திக்கொண்டான்.

ஜான்சி அழவில்லை. வண்டி ஓட்டக் கற்றாள், உரிமம் எடுத்தாள், அவன் டாக்ஸியைத் தமிழ்ச் சங்கத்துப் பெண்களுக்கு ஓட்டத் தொடங்கினாள். அவர்களில் ஒருத்தி பட்டு மாமி, சந்திரமௌலியின் மனைவி. மாமியைக் கோயிலுக்கும் கடைக்கும் அழைத்துப் போகும் நாட்களில் வேறு பங்க்கில்தான் பெட்ரோல் போட்டாள். மாமிமேல் அவளுக்குக் கோபமில்லை. கோடை முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

மழை வந்தது. மாமியும் ஒரு காலை போன் செய்தாள். "ஜான்சி, மாமாவோட டீசல் வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு. வாகட்ல சங்கத்து ஹால் திறப்பு. அவர்தான் திறக்கணும். கொண்டுபோய் விடறியா?"

"விடறேன் மாமி."

சந்திரமௌலியின் பங்க்கில், பூமிக்கடியில் இருந்த டேங்க்கின் மூடிகளுக்கு மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அங்கே பெட்ரோல் போட்ட ஆட்டோ ஒன்று தெருமுனையிலேயே இருமிக்கொண்டு நின்றுவிட்டது. ஜான்சி அதைப் பார்த்தாள். காலியாகிக் கிடந்த தன் டேங்க்கை நிரப்பச் சொன்னாள். பின்கதவுகளில் குழந்தைகள் திறக்க முடியாதபடி போடும் பூட்டைப் போட்டாள்.

சந்திரமௌலி பட்டு வேட்டியோடு பின்சீட்டில் ஏறினார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. பைபாஸில் ஏறியதும் வண்டி ஒருமுறை குலுங்கியது. மறுபடியும் குலுங்கியது.

"ஏம்மா, என்ன ஜெர்க் அடிக்குது?"

"பெட்ரோல் சார்."

"ஓரமாப் போ, ஓரமா!"

அவள் போகவில்லை. நடுத்தடத்தில் இன்ஜின் அணைந்தது. பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரனை அலறவிட்டபடி ஒட்டி விலகிப்போனது. கார் முழுதும் ஆடியது. சந்திரமௌலி கதவை இழுத்தார், திறக்கவில்லை. அடுத்த லாரியின் வெளிச்சம் மழையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"திற! பைத்தியமா நீ?"

ஜான்சி திரும்பி உட்கார்ந்தாள். "லூர்துசாமி பொண்டாட்டி சார் நான். இது உங்க பங்க்ல போட்ட பெட்ரோல். என் புருசன் குடிச்சிருந்தானா?"

அவர் மறுபடியும் கதவை இழுத்தார். அப்போது அவர் போன் அடித்தது. சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசன்.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அவர் போனை ஹால் மைக் பக்கத்துல வைக்கச் சொல்லுங்க."

இன்னொரு லாரி உரசிப் போனது. பக்கக் கண்ணாடி உடைந்து தெறித்தது. சந்திரமௌலி போனை எடுத்தார். அவர் சொன்னதை வாகட் ஹாலில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்: லூர்துசாமி குடித்திருக்கவில்லை, பங்க் டேங்க்கில் தண்ணீர் இறங்கியது எனக்கு அன்றைக்கே தெரியும், தெரிந்தும் விற்றேன். கடைசி வார்த்தைகளில் அழுதுவிட்டார். ஜான்சி இறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையோரம் ஓடியவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மிரட்டிச் சொல்லவைத்தாள் என்று மறுநாள் அவர் போலீஸில் புகார் கொடுத்தார். அதற்குள் அன்று வண்டி நின்றுபோன ஆட்டோக்காரர்கள் பங்க்கைச் சூழ்ந்துகொண்டார்கள். அதிகாரிகள் வந்து டேங்க்கைச் சோதித்து சீல் வைத்தார்கள். ஜான்சியின்மேல் வழக்கு இன்னும் நடக்கிறது.

அவரை இறக்கிவிட்ட அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது லூர்துசாமிக்கு விஷயம் எட்டியிருந்தது. கோபத்தில் அவன் முகம் சிவந்திருந்தது.

"உன்னையும் லாரி அடிச்சிருந்தா?"

"அடிக்கலல்ல."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அவன் குரல் நடுங்குச்சா?"

"நடுங்குச்சு."

"நல்லாவா?"

"நல்லா."

லூர்துசாமி கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம்விட்டான். "மொதல்லருந்து சொல்லு" என்றான்.