மிச்சம் பதினோரு மாத்திரை

கணவன் நாற்காலியை விட்டு எழுந்தாலே அவள் அவன் கையைப் பிடிக்கப் போனாள். அன்று காலையும் கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"மெதுவா எழுந்திரிங்க."

"எனக்கு முப்பத்தஞ்சுதான் ஆகுது. தொண்ணூறு ஆகட்டும், அப்ப வந்து கையைப் பிடி" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. நான்கு நாட்களாகவே இப்படித்தான் இருக்கிறாள். ஏன் என்று கேட்டாலும் சொல்லவில்லை.

கல்லூரியில் மருந்தியலில் அவள்தான் முதல் மாணவி. உடன் படித்தவர்கள் ஆராய்ச்சிக்கூடம், மருந்துத் தொழிற்சாலை, ஆசிரியப் பணி என்று ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அவளுக்கு, மருந்துகளின் பக்கவிளைவுப் புகார்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வேலை. இத்தனை படித்துவிட்டுப் போன் எடுக்கப் போகிறாயா என்று தோழிகள் கிண்டல் செய்தபோது, உயிரைக் காப்பாற்றுகிற போன் என்று பெருமையடித்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன், வேலை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தையல்காரர் அழைத்தார். ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து, எழுந்து நின்றால் மனைவிக்குத் தலை சுற்றுகிறதாம். மருந்துக்கும் தொந்தரவுக்கும் தொடர்பு உண்டா என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று பதிந்தால் மறுநாள் அவர்களுடைய மருத்துவரைப் பிடித்து விசாரிக்க வேண்டும். 'தொடர்பில்லை' என்றால் அத்தோடு முடிந்தது. அங்கே பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் பதிவார்கள். வயதானால் அப்படித்தான் இருக்கும் ஐயா என்று சொல்லி, 'தொடர்பில்லை' என்று தட்டிவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினாள்.

நான்கு நாட்களுக்கு முன் அதே குரல் மறுபடி வந்தது. அழுகை இல்லை, கோபம் இல்லை. மனைவி குளியலறையில் விழுந்து இறந்துபோனதைச் சொல்லிவிட்டு, "பதினோரு மாத்திரை மிச்சம் இருக்கும்மா. வேற யாருக்காவது ஆகுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்தக் குரல் சமையலறைக்கும் வந்தது, பஸ்ஸிலும் பக்கத்தில் உட்கார்ந்தது.

அந்தக் காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அவரை அழைத்தாள். பக்கவிளைவை எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கல்லூரி வாய்மொழித் தேர்வில் கேட்டபோது, அவள் சொல்லிப் பாராட்டு வாங்கிய கேள்வி ஒன்று உண்டு. அன்று கேட்காததை இன்று கேட்டாள்.

"ஐயா, அம்மா நடுவுல எப்பவாவது மாத்திரையை நிறுத்தினாங்களா? அப்ப தலைசுத்தல் இருந்துச்சா?"

தையல் மிஷின் சத்தம் நின்றது. "கடையில ஸ்டாக் இல்லன்னு ரெண்டு நாள் போடல. அந்த ரெண்டு நாளும் நல்லா மாடிப்படி ஏறி இறங்கினா. மறுபடி போட்டதும் சுவரைப் பிடிச்சுக்கிட்டுதான் நடந்தா. அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேம்மா."

"கேட்டிருக்கணும் ஐயா. தப்பு என்னோடது."

முடித்துவைத்த பதிவுகளைத் தேடினாள். அதே மாத்திரை, அதே தலைசுற்றல், இன்னும் நான்கு புகார்கள். நான்கும் 'தொடர்பில்லை'. ஐந்தையும் அச்செடுத்து மேலாளரின் மேஜையில் வைத்தாள். எந்நேரமும் கடிகாரத்தையே பார்ப்பதால் அவருக்கு அங்கே மணிக்கூண்டு என்று பெயர்.

"முடிஞ்சதை எதுக்கும்மா கிளறுற? உன் பேரும்தான் கெடும்."

"கெடட்டும் சார். என் தப்பையும் எழுதித்தான் வெச்சிருக்கேன். தெரியலன்னு எழுதுறது அவமானம் இல்ல. கேட்காமலே இல்லன்னு எழுதுறதுதான் பாவம். அந்த ஒரு கேள்வியைக் கேக்கத்தானே சார் நம்மள இத்தனை வருஷம் படிக்க வெச்சாங்க?"

மணிக்கூண்டு போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

அதே கேள்வியைக் கேட்க, புகார் சொன்ன அந்த நால்வரையும் ஒவ்வொருவராக அழைத்தாள். மூன்று பேர் எடுத்தார்கள். நான்காவது எண் அடித்துக்கொண்டே இருந்தது.