வேண்டியவர்களுக்கு ஒன்றரை நட்சத்திரம் கழிவு

நாலு வருஷத் தூக்கத்தின் விலை இரண்டரை நட்சத்திரம் என்று வெள்ளிக்கிழமைப் பத்திரிகையின் பதினான்காம் பக்கம் அறிவித்தது. ஐந்துக்கு இரண்டரை. தூங்காமல் கிடந்து, அடுத்த வாரம் வெளிவரவிருந்த அந்த ஆல்பத்தைப் போட்டவன் விமர்சகரின் மைத்துனன். விலை போட்டவர் விமர்சகரேதான்.

ஆள் அப்படியொன்றும் கல்நெஞ்சர் இல்லை. மனசுக்குள் அவர் போட்டது நாலு. அதில் ஒன்றரையைக் கழித்தார். கழிப்பதற்கென்றே அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது: முகம் தெரிந்தவர் என்றால் அரை, சேர்ந்து சாப்பிட்டவர் என்றால் ஒன்று, சொந்தம் என்றால் ஒன்றரை. கடைக்காரன் வேண்டியவர்களுக்கு விலையில் கழிப்பான். இவர் வேண்டியவர்களின் சரக்கிலேயே கழித்தார். எல்லாம் ஒரு பழைய சூடு. பதினோரு வருஷத்துக்கு முன்பு கல்லூரித் தோழன் எடுத்த தொலைக்காட்சித் தொடருக்கு நாலரை போட்டார். உண்மையிலேயே நல்ல தொடர். ஆனால் இருவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம் ஒன்று எங்கிருந்தோ வெளியே வந்துவிட்டது. ‘நட்சத்திரம் கிலோ என்ன விலை?’ என்று ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை ஆசிரியர் சிரித்துக்கொண்டே அச்சில் ஏற்றினார். அன்று சூடு கண்ட பூனை, பாலை விட்டது மட்டுமல்ல, பால்காரனைக் கண்டாலும் ஓட ஆரம்பித்தது.

கழித்தால் மட்டும் போதுமா, கழித்ததற்குக் காரணம் எழுத வேண்டாமா? இரண்டரை நட்சத்திரத்துக்குக் கீழே நானூறு சொல் புகழ்ச்சி இருந்தால் நாய்கூடச் சிரிக்கும். மொட்டைத் தலையில் பேன் பார்ப்பதுபோல் ஆல்பம் முழுக்கத் தேடினார். கடைசியில் ஆறாவது பாட்டு அகப்பட்டது.

மைத்துனனுக்குப் பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. பழைய கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி இயந்திர அறையில் ஒலிவாங்கியை வைத்து, லிஃப்ட் ஏறும்போது கம்பிவடம் முனகுவதைப் பதிவு செய்திருந்தான். அந்த முனகல் பதினாலு மாடியும் ஒவ்வொன்றாக ஏறும்; உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் குரல் வரும். பதினோரு நிமிஷம். அதை முதல்முறை பேருந்தில் கேட்டபோது விமர்சகர் தன் நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்து வந்தார். பத்திரிகையில் எழுதியது: ‘ஆறாவது பாட்டுக்கு அவசரமாக ஒரு கத்திரிக்கோல் தேவை.’

மனைவி பத்திரிகையை மடித்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது யாரு எழுதினது?”

“நான்தான்.”

“ரெண்டு ஸ்டாப் தாண்டி இறங்கி அழுதுட்டே வந்தாரே ஒருத்தர், அவரு இல்லையா?”

“நல்லா எழுதினா சொந்தக்காரன்னு பேசுவாங்க.”

“மட்டமா எழுதினா சிலை வைப்பாங்களாக்கும். நீங்க ஒண்ணு போட்ட சீரியலைத்தான் ஊரே பாக்குது. நாலு போட்டது ஆறே வாரத்துல மூட்டை கட்டுச்சு. உங்க மார்க்கை நான் என்னைக்கும் நம்பினதில்ல. அவன் நம்புவான். அதான் பயமா இருக்கு.”

அவருக்கு வாயில் இருந்ததை விழுங்கவே நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைத்துனன் வந்தான். நகக்கண்ணில் கிரீஸ், தோளில் மடிக்கணினிப் பை. சண்டைக்குத்தான் வருகிறான் என்று விமர்சகர் தயாராக உட்கார்ந்தார். சண்டை போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

“மாமா, ரெண்டு நாளா யோசிச்சேன். நீங்க சொன்னது சரி.”

“என்ன சொன்னேன்?”

“கத்திரிக்கோல். வெட்டிட்டேன். மூணரை நிமிஷம். ஆறு மணிக்குள்ள கம்பெனிக்கு அனுப்பணும், அடுத்த வெள்ளி வெளியீடு. ஒரு தடவை கேட்டுடுங்க.”

கேட்டார். லிஃப்ட் தரையிலிருந்து நேராக உச்சியில் போய் நின்றது. நடுவில் ஒரு மாடியும் இல்லை. குரல் வந்தது, எதற்காக வந்தோம் என்று அதற்கே தெரியவில்லை.

“நல்லா இருக்கா?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. விமர்சகருக்குக் காது சுட்டது.

“மாப்ளே, பழசையே அனுப்பு.”

“ஏன்?”

“நான் எழுதினது பொய்.”

பட்டியலைச் சொன்னார். அரை, ஒன்று, ஒன்றரை. சொல்லும்போதே தன் வீட்டு அழுக்குத் துணியை ஒவ்வொன்றாகக் கொடியில் போடுவதுபோல் இருந்தது. 

“அப்போ எனக்கு நிஜமா எவ்வளவு?”

“நாலு.” அவன் முகம் மாறவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் விமர்சகருக்கு மனசு கேட்கவில்லை. “நாலரைன்னுகூட வச்சுக்கலாம்.”

மைத்துனன் மெதுவாகச் சிரித்தான்.

“இப்பத்தான் நாலுன்னீங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் நான் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உக்காந்திருந்தா அஞ்சு குடுப்பீங்க போல.”

“இல்ல மாப்ளே, சத்தியமா...”

“வெள்ளிக்கிழமை எழுதினப்போ எதிர்ல நான் இல்ல. இப்ப நான் இருக்கேன், உள்ள அக்கா இருக்கா. ஆள் இல்லாதப்ப சொன்னதை நம்பறதா, ஆளைப் பாத்துச் சொல்றதை நம்பறதா?”

“அந்தப் பாட்டைக் கேட்டு நான் அழுதேன்டா.”

“அதைப் பேப்பர்ல போடலையே மாமா.”

கோபமாகச் சொல்லவில்லை. மூணரை நிமிஷத்தை அவர் கண்ணெதிரிலேயே அனுப்பினான். மடிக்கணினியை மூடினான். அக்கா கொண்டுவந்த டீயைக் குடித்தான், நன்றாக இருக்கிறது என்றான், போனான். அவள் காலி டம்ளரை எடுக்க வந்தாள்.

“அந்த அரையை எதுக்குச் சேத்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை விமர்சகர் ஆசிரியரின் அறைக்குப் போய், திருத்தம் போட வேண்டும் என்றார்.

“தேதி தப்பா, பேர் தப்பா?”

“நட்சத்திரம் தப்பு சார்.”

“நட்சத்திரத்துக்குத் திருத்தம் போட்டா நாளைக்குப் பாட்டுக்காரன், சீரியல்காரன் எல்லாரும் வாசல்ல வரிசை கட்டுவான். உடம்புக்கு முடியலைன்னா லீவு எடுத்துக்குங்க.”

அடுத்த வெள்ளி ஆல்பம் வந்தது. போட்டிப் பத்திரிகையின் விமர்சகர் நாலு போட்டிருந்தார். ஆறாவது பாட்டைத் தனியாகக் குறிப்பிட்டு, ‘என்ன கச்சிதம், ஒரு நொடிகூட மிகையில்லை’ என்று எழுதியிருந்தார். மனைவி அதை ஒருமுறை சத்தமாகப் படித்தாள். இரண்டாம் முறை படிக்கவில்லை. மைத்துனன் தொலைபேசியில் அழைத்து, “மாமா, உங்க கத்திரிக்கோலுக்குத்தான் அந்த ஒண்ணரை கூடிச்சு” என்று நன்றி சொன்னான். நிஜமாகவே நன்றிதான், கிண்டல் என்றால் விமர்சகர் கண்டுபிடித்திருப்பார்.

அன்று அலுவலகத்தில் அவர் புது விமர்சனம் எதுவும் எழுதவில்லை. தன் பழைய விமர்சனங்களைக் கத்தரித்து வைத்த கோப்புகளை இறக்கி, தெரிந்த முகங்களை மட்டும் பொறுக்கி, ஒரு தாளில் கூட்டினார். பதினோரு வருஷத்தில் ஆல்பம் பதினேழு, தொடர் ஒன்பது. கழித்த நட்சத்திரம் இருபத்தொன்றரை. வெட்டுப்பட்டது ஏழரை நிமிஷம். கொடுக்கப் போனது அரை; வாங்கிக்கொள்ள ஆளில்லை. பாக்கி அத்தனையும் அப்படியே நிற்கிறது.