சின்னையா காதில் அணைந்த விளக்கு

எங்கள் பிரஸ் மெஷினில் இரண்டு ஆள் வேலை. சின்னையா முன்பக்கம் நின்று இரும்புத் தகட்டை உள்ளே வைப்பான். நான் பின்பக்கம் நின்று பெடலை மிதிப்பேன்; மிதித்தால் மேலிருந்து இரும்புப் பாளம் இறங்கித் தகட்டை அழுத்தும். என் இடத்திலிருந்து அவன் தலையும் தோளும் தெரியும், கை தெரியாது. அதனால் நான் "கை" என்று கத்துவேன். அவன் கையை வெளியே எடுத்துக்கொண்டு "ஆச்சு" என்று கத்துவான். அதற்குப் பிறகுதான் மிதிப்பேன். மலேசியாவில், கிள்ளான் பக்கம் காப்பாரில் இருக்கும் இந்தத் தொழிற்சாலைக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

கொஞ்ச காலமாக நான் "கை" என்று முடிப்பதற்குள் அவன் "ஆச்சு" சொல்லிவிடுவான். பேக்கிங்கில் வேலை செய்யும் ராஜன் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்தான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

டிஸ்கோ பேச்சை எடுத்தது ஆபீஸ் கிளார்க் குமுதா. சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். நாற்பது தாண்டி நான் படிக்கக் கற்றது அவளிடம். சின்னையா மூன்று நாள் வந்தான், நின்றுவிட்டான். அவள் மகளோடு படிக்கும் பிள்ளைகள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைமாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டிஸ்கோ வைக்கிறார்களாம். ஸ்பீக்கர் கிடையாது. வருகிறவர்கள் காதில் ஆளுக்கொரு ஹெட்போன், பாட்டு அதற்குள்ளே மட்டும். வாரம் ஆறு நாள் மெஷின் சத்தத்துக்குக் காதை மூடிக்கொண்டு நிற்கிறோம், ஏழாவது நாளும் மூடணுமா என்று ராஜன் கேட்டான். சின்னையா எந்த விசேஷத்திலும் தங்கமாட்டான். கல்யாண வீட்டில் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் கிளம்பிவிடுவான். அன்றைக்கு அவன்தான் முதலில் வருகிறேன் என்றான்.

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். சின்னையா இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டிருந்தான். ஹாலில் எல்லாம் இளவட்டம். ஹெட்போனில் சின்ன விளக்கு எரியும்: சிவப்பு குத்துப்பாட்டு, நீலம் பழைய பாட்டு, பச்சை இங்கிலீஷ். நான் மாட்டியதும் வேலை ஞாபகத்தில் சும்மா நின்றுவிட்டேன். சத்தத்தை அடைக்கத்தானே காதில் மூடி போட்டுப் பழக்கம். ஒரு பெண்பிள்ளை வந்து, "அங்கிள், ஆன் பண்ணலயே" என்று பொத்தானை அழுத்திவிட்டுப் போனாள்.

சின்னையா ஆடினான். அவன் ஆடி நான் பார்த்ததே இல்லை. ராஜன் கால் வைக்கிற இடத்தில் கால் வைத்து, அவன் கை தூக்கும்போது கை தூக்கி, முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக ஆடினான். குமுதா அவனைக் காட்டி என்னை இடித்தாள். அந்த நேரத்தில்தான் பார்த்தேன். அத்தனை தலைகளிலும் சிவப்பும் நீலமும் எரிய, அவன் காதில் மட்டும் விளக்கு இல்லை.

பேட்டரி போயிருக்கும், தெரியாமல் ஆடுகிறான் என்று நினைத்தேன். பக்கத்தில் போனேன். அவன் என் முகத்தைப் பார்த்து, "பாட்டு நல்லாருக்குலா" என்றான். அவன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. பொத்தானை அழுத்தினேன். சிவப்பு எரிந்தது, பறை காதைப் பிளந்தது. பேட்டரியில் குறையில்லை. அவன் அதை ஆன் பண்ணவே இல்லை. என் முகம் மாறியதை அவனும் பார்த்துவிட்டான்.

படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். வலது காது போய் ஆறு வருஷம், இடது போன தீபாவளியோடு சரி என்றான். என் வாயையே பார்த்துக்கொண்டு சொன்னான். வருஷா வருஷம் வரும் காது டெஸ்டில், சத்தம் கேட்டால் அழுத்தக் கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள்; நர்ஸின் கை அவள் பொத்தானுக்குப் போவதைப் பார்த்து இவனும் அழுத்திவிடுவானாம்.

"நான் கைன்னு கத்துறது?"

"கத்துறதுக்கு முன்னாடி உன் தோள் தூக்கும். அதப் பாத்துக்குவேன்."

 பத்து நாள் முன்பு தோள் வலிக்கு டைகர் தைலம் தேய்த்துக்கொண்டே வேலை செய்தேன். எத்தனை முறை தூக்கினேனோ.

"இன்னும் ரெண்டு வருஷம்தான்லா பரமு. அப்புறம் நானே வீட்டுக்குப் போயிடுவேன். சொன்னா என்னைக் கக்கூஸ் கழுவப் போடுவாங்க. சொல்லாத."

சரி என்றேன். ரயிலில் ராஜன் அவனை மறுபடியும் முந்திரிக்கொட்டை என்றான். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தான். குமுதாவின் வகுப்பை விட்டு அவன் ஏன் நின்றான் என்பது சுபாங் ஜெயா தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை காலையில் தகடு ஒன்று கோணலாக வந்தது. நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கழுத்தில் ஏதோ கடித்தது, தோளை உதறினேன். "ஆச்சு" என்றான் சின்னையா. எட்டிப் பார்த்தேன். வாய்தான் முந்தியிருந்தது. இடது கையின் இரண்டு விரல் இன்னும் தகட்டை நேராக்கிக்கொண்டிருந்தது. என் கால் பெடல் மேலே இருந்தது.

காலை எடுத்தேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். சூப்பர்வைசர் ஓடி வந்து ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார். நான் சொல்லிவிட்டேன். சின்னையா என் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றான். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குத் தெரிந்தது.

இப்போது அவனுக்கு வெளிமுற்றம் கூட்டுகிற வேலை. அவன் பத்து விரலும் பத்திரமாக இருக்கிறது. என்னோடு பேசுவதில்லை. கேன்டீனில் எனக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். முதுகைக் காட்டிவிட்டால் அவனை யாரும் கூப்பிட முடியாது. ராஜன் அந்தப் பெயரை விட்டுவிட்டான்.

ஒரு நாள் அட்டைப்பெட்டி ஓரத்தில் எழுதினேன், அன்றைக்கு என் கால் எங்கே இருந்தது என்று. எழுதி முடித்துக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. குமுதா படித்துக் காட்டலாம், ஆனால் அவள் வாயை அவன் பார்க்க வேண்டுமே.

அதனால் சுற்றிப் போய் அவன் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். அவன் தட்டை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.