அக்கா தலையில் வேறு கை

என் தலையை விதவிதமான மெஷினுக்குள் விட்டுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னது இதுதான்: "தலையில ஒண்ணும் இல்லம்மா." இதை எங்கள் அப்பா நான் ஆறாவது படிக்கும்போதே காசு வாங்காமல் சொல்லியிருக்கிறார்.

விஷயம் இவ்வளவுதான். இருபத்தாறு வயதில் ஒரு நாள் காலையில் எழுந்தேன். கடைசி ஒன்றரை வருஷத்தைக் காணவில்லை. கீழே விழவில்லை, காய்ச்சல் இல்லை, குடிக்கவும் இல்லை. சினிமாவாக இருந்தால் ஒரு லாரியாவது வந்து மோதியிருக்கும். எனக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. ஏன் இப்படி ஆனது என்று கேட்டதற்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். போனது திரும்ப வருமா என்றதற்கும் அதே உதடு, அதே பிதுக்கல்.

அன்று காலை கண்ணைத் திறக்காமலே நான் செய்த முதல் காரியம், "அம்மா, டீ" என்று குரல் கொடுத்தது. அப்பா ஓடிவந்து என் அறை வாசலில் நின்றார். அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காதான் அதை எனக்குச் சொன்னாள். அப்பாவால் முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார். ஊரெல்லாம் ஒரு தடவை அழுது முடித்துவிட்ட அம்மாவுக்காக நான் புதிதாக ஆரம்பித்தேன். நர்ஸ் வந்து வலிக்கிறதா என்று விசாரித்தாள். அப்போது அக்கா என் காதோரம் குனிந்து சொன்னாள்: "நீ பக்கத்துலதான் இருந்த. கடைசி வரைக்கும் உன் கையைத்தான் புடிச்சிட்டிருந்தாங்க."

காணாமல்போன காலத்திலிருந்து என்னிடம் மிச்சம் இருந்தது அந்தக் கை ஒன்றுதான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தினமும் எடுத்து எடுத்துப் பார்த்ததில் அதற்கு ஒரு ஜன்னல் முளைத்தது, பச்சைப் போர்வை வந்தது, அம்மாவின் வளையல் சில்லென்று என் மணிக்கட்டில் பட்டது. நடந்த எதுவும் நினைவில்லாதவளுக்கு இது மட்டும் இவ்வளவு விவரமாக நினைவிருக்கிறதே என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலையில் ஒன்றுமில்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே.

நான் முடி வெட்டுகிறவள். நாலு நாற்காலி போட்ட சலூன். ஞாபகம் போனால் எந்த வேலை செய்யக் கூடாது என்று யாராவது யோசித்துப் பார்த்தால் இந்த வேலைதான் முதலில் வரும். வருகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்ததும் சொல்வது ஒரே வார்த்தை: "வழக்கம்போல." எனக்கு எது வழக்கம், எது புழக்கம் என்று என்ன தெரியும்? நல்ல வேளையாகக் கை மறக்கவில்லை. தலைமுடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். தோளைத் தொடும் முடி என்றால் அதில் இரண்டு வருஷம் தொங்குகிறது என்று அர்த்தம். விரலிடுக்கில் எடுத்துத் தூக்கிப் பார்த்தால் போன தடவை எங்கே வெட்டியது, எந்தப் பக்கம் சரித்தது எல்லாம் தெரியும். "வழக்கம்போலத்தானே" என்று தலையாட்டிவிட்டு, என் பழைய வெட்டைப் பார்த்துப் புதிய வெட்டைக் காப்பி அடிப்பேன். பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதிய அனுபவம் கைகொடுத்தது.

முடியைச் சமாளித்துவிடலாம், வாயைத்தான் சமாளிக்க முடியாது. எங்களிடம் வருகிறவர்கள் வீட்டுக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போய், அடுத்த தடவை அந்தப் பாதியிலிருந்து தொடருவார்கள். ஒரு நாள் வங்கியில் வேலை பார்த்த ஓர் அம்மா உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்து, "நீங்க சொன்ன மாதிரியே வேலைய விட்டுட்டேங்க" என்றார். நான் யாருக்கு என்னென்ன யோசனை சொல்லித் தொலைத்திருக்கிறேனோ. எத்தனை குடும்பம் என் பேச்சைக் கேட்டு நடுத்தெருவில் நிற்கிறதோ. "நல்ல முடிவு" என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தண்ணீர் தெளித்தேன்.

பக்கத்து நாற்காலிக்காரி சுருட்டைக்கும் முதலாளியம்மாவுக்கும் மட்டும் என் சமாச்சாரம் தெரியும். சுருட்டை முடி இருப்பதால் சுருட்டை. எங்கள் தொழிலில் பெயர் வைக்க அதிகம் யோசிக்க மாட்டோம். அவளும் முதலாளியம்மாவும் என் அம்மா பேச்சை மட்டும் எடுப்பதே இல்லை. எடுக்க வேண்டாம் என்று அக்கா நான் வேலைக்குத் திரும்புமுன்பே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாளாம். என்ன பாசம் என்று நெகிழ்ந்துபோனேன்.

இந்தப் பாசம்தான் எனக்குப் புரியாத விஷயம். எங்கள் அக்கா நல்லவள்தான். ஆனால் இவ்வளவு நல்லவள் இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாளாக நாங்கள் எலியும் பூனையும். இப்போது தினமும் தன் வீட்டிலிருந்து சாப்பாடு எடுத்துக்கொண்டு வருகிறாள். நான் உப்பு கம்மி என்றால், "ஆமாம்மா, கம்மிதான்" என்கிறாள். பழைய அக்காவாக இருந்தால் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பாள். எனக்கு ஏதோ பெரிய வியாதி, மறைக்கிறார்கள் என்று கொஞ்ச நாள் பயந்துகொண்டுகூட இருந்தேன்.

இன்னொன்றும் இருந்தது. பரணில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் துணி சுற்றிய கோப்பை ஒன்று கிடைத்தது. முடி வெட்டும் போட்டியில் மூன்றாம் பரிசு, என் பெயர் போட்டிருக்கிறது. நான் அடக்கத்துக்குப் பேர்போனவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் சாக்கு ஓட்டத்துக்குக் கொடுத்த சோப்பு டப்பாவையே கல்லூரி முடிக்கிற வரைக்கும் ஹாலில் வைத்திருந்தவள். இதைப் போய் ஏன் பரணில் ஒளிப்பேன்? அப்பாவைக் கேட்டேன். அலமாரியில் இடமில்லை என்றார். அலமாரி காலியாக இருந்தது.

அக்கா தலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கத்தரி பிடித்துப் பழகியதே அந்தத் தலையில்தான். என் முதல் வெட்டுக்குப் பிறகு அவள் ஒரு மாதம் தலையில் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அப்படியும் வேறு யாரிடமும் தலையைக் கொடுத்தது இல்லை. கல்யாணத்துக்கு முதல் நாள்கூட என்னிடம்தான் உட்கார்ந்தாள், என்னைத் திட்டிக்கொண்டே. ஆனால் எனக்கு இப்படி ஆனதிலிருந்து அவள் முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டுதான் வருகிறாள். வெட்டி விடுகிறேன் வா என்றால் நாளைக்கு என்பாள். ஒரு மதியம் கடையில் கூட்டமில்லாத நேரத்தில் சாப்பாட்டோடு வந்தவளைப் பிடித்து உட்காரவைத்து, துணியைப் போர்த்தி, கொண்டையை நானே அவிழ்த்தேன்.

ஈரம் பண்ணி, ஒரு கொத்தைத் தூக்கி விரலிடுக்கில் பிடித்தேன். குட்டைக் குட்டையாக முடிகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன.

சீப்பு மாதிரிப் பல் வைத்த கத்தரி ஒன்று உண்டு. அடர்ந்த முடியை மெலிசாக்குவதற்கு. அக்காவுக்கு ஏற்கெனவே மெல்லிசு முடி. அந்தக் கத்தரியை அவள் தலைக்குப் பக்கத்தில்கூட நான் கொண்டுபோனது கிடையாது. இங்கே குட்டை முடிகள் இரண்டு கூட்டமாக நின்றன. ஒன்று காது வரைக்கும், இன்னொன்று தாடை வரைக்கும். வேறு யாரிடமோ, ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பப் போயிருக்கிறாள். நுனிவரைக்கும் தேடினேன். என் வெட்டு எங்கேயும் இல்லை.

அந்த நேரத்தில் புத்தியுள்ளவள் என்ன யோசித்திருப்பாள்? என் அக்கா ஏன் ஒரு வருஷமாக என்னிடம் வரவில்லை என்று யோசித்திருப்பாள். எனக்குத் தொழில்காரிப் புத்தி. கணவன் சட்டையில் யாருடைய முடியையோ கண்டுபிடித்தவள் மாதிரிக் கொதித்துப்போய், யார் இதில் கை வைத்தது, எந்தக் கடை, இந்த முடிக்குப் போய் அந்தக் கத்தரியை எடுத்தவள் எங்கே படித்தாள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். சுருட்டை சத்தமில்லாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள். அப்போதுதான் கண்ணாடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள்.

"என்னை விட்டுட்டு ஏன் போன?" என்றேன்.

"நீதான் என்கூடப் பேசலியே. அம்மா போனதுலேர்ந்து."

பிறகு கண்ணாடியைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் வேறு ஊரில் அந்தப் போட்டியில் இருந்தேன். போன் பண்ணி அம்மாவிடம் கொடு என்று கேட்டிருக்கிறேன். சாதாரணக் காய்ச்சல், தூங்குகிறார்கள், நீ போட்டியை முடித்துக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறாள். நிலைமை மோசம் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டாராம். யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அம்மாவுக்குச் சரியாகிவிடும், எனக்கும் பரிசு கிடைத்துவிடும் என்று அவளே முடிவு பண்ணியிருக்கிறாள். நான் கோப்பையோடு வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஜன்னல் போயிற்று. பச்சைப் போர்வை போயிற்று. வளையலும் போயிற்று. நான் அங்கே இல்லவே இல்லை. மூன்றாம் பரிசு வாங்கிக்கொண்டிருந்தேன்; அதுவும் மூன்றாம் பரிசு.

எனக்குக் கோபம் வந்தது. நினைவில்லாத ஒன்றுக்கு எப்படிக் கோபப்படுவது என்று இதற்கு முன்பு கேட்டிருந்தால் தெரியாது என்றிருப்பேன். கோபத்துக்கு நினைவு தேவைப்படவில்லை. இந்தப் பெண்ணோடு ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள் யாரோ, அவளை எனக்கு முதல் தடவையாக நன்றாகப் புரிந்தது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அதை எழுத வேண்டாம். ஆனால் ஈரம் பண்ணின தலையை அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்குத் தெரியாது. திட்டிக்கொண்டே வெட்டினேன். அவளும் திட்டு வாங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் பழையபடி ஆகிவிட்டது போலத்தான் இருந்திருக்கும்.

"கையைப் புடிச்சாங்கன்னு ஏன் சொன்ன?" என்றேன். "பொய்யைக் கொஞ்சம் சின்னதாச் சொல்லியிருக்கலாமே."

அவள் சொன்னாள்: "புடிச்சாங்க. என் கையை. கண்ணு சரியாத் தெரியல அவங்களுக்கு. 'சின்னவளா, வந்துட்டியா'ன்னாங்க. நான் வந்துட்டேன்மான்னு சொல்லிட்டேன். நான் பெரியவள்னு சொல்லியிருந்தா கையை விட்டுட்டு உன்னைத் தேடியிருப்பாங்க."

கத்தரியை மேஜைமேல் வைத்தேன். கடைசி வரைக்கும் அம்மா பக்கத்தில் இருந்தவள் இவள். அந்தக் கடைசிப் பேச்சிலும் இவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எல்லாம் என் பெயருக்கு வந்திருக்கிறது. அதைத்தான் ஆஸ்பத்திரியில் என்னிடம் கொடுத்திருக்கிறாள்.

"எந்தக் கை?" என்றேன்.

போர்த்தியிருந்த துணிக்கடியிலிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். பிடித்துக்கொண்டேன். வெட்டிய முடி எல்லாம் இரண்டு கையிலும் ஒட்டியது. கோபம் குறையவில்லை, அதையும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். சுருட்டை பெருக்கின இடத்தையே மறுபடி மறுபடி பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கையை விட்டுவிட்டுக் கத்தரியை எடுத்தபோது சொன்னேன்: "இந்த மறதி எனக்கு மறுபடியும் வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வராதுன்னும் சொல்லியிருக்காரு. வந்துச்சுன்னா இதையே சொல்லு. நீ போன்ல சொன்னது, உன் கையைப் புடிச்சது, ரெண்டையும் சொல்லு."

"மறுபடியும் சண்டை போடுவ."

"போடுவேன்."

"மறுபடியும் ஒரு வருஷம் பேச மாட்ட."

"பேச மாட்டேன். அப்பவும் சொல்லு."

அக்கா சரி என்று தலையை ஆட்டினாள். ஆட்டாதே என்று அதட்டி, இரண்டு விரலால் தலையை நேராக நிறுத்திவிட்டு, காதோரத்தை வெட்ட ஆரம்பித்தேன்.