நாலாவது எலுமிச்சம்பழம்

என் வீட்டுக்காரர் கனகராஜ், கமுந்திங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். பஸ்ஸுக்கு டயர் மாற்றினாலும் சரி, சும்மா கழுவி நிறுத்தினாலும் சரி, நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் நகர்த்த மாட்டார். அந்தப் பழக்கத்தை பஸ்ஸோடு நிறுத்தியிருக்கலாம்.

அன்று எங்கள் மகள் தினேஸ்வரி முதல் முறையாகத் தனியாக விமானம் ஓட்டும் நாள். ஈப்போவுக்கு வெளியே சின்ன விமான நிலையம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாம். சண்டைக் காலத்தில் மரங்களை வெட்டிச் சாய்த்து, மீசை முளைக்காத பையன்களுக்கு அங்கேதான் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்களாம். அதில் எத்தனை பேர் ஒழுங்காக இறங்கினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

விமானத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள எங்களை விட்டார்கள். திரும்பி வந்ததும், அவளுக்குக் கற்றுக்கொடுக்கும் கேப்டன் ஷாஃபி என் காதருகே சொன்னார்:

"அக்கா, அண்ணே டயருக்கு அடியில பழம் வெச்சத பாத்துட்டேன். வாயத் தொறக்காதீங்க லா. அவ செக் பண்றாளான்னு பாப்போம். கவனிக்காம விட்டுட்டா இன்னைக்குத் தனியா அனுப்ப மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு என் வீட்டுக்காரரை அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். வாயைத் திறக்கக்கூடாதே!

தினேஸ்வரி விமானத்தைச் சுற்றி வந்தாள். குனிந்து, மூன்று சக்கரத்தடியிலும் இருந்த பழங்களை எடுத்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவளோ ஏறவில்லை. அப்பாவை முறைத்தாள்.

"நாலுதானே வாங்குவீங்க? இன்னொன்னு எங்கப்பா?"

அவர் தலையைச் சொறிந்தார். "உள்ள வெச்சேம்மா. பஸ்ஸுல வெக்கிற மாதிரி, முன்னுக்கு."

முன்னால் இல்லை, உருண்டு கீழே போயிருந்தது. காலால் மிதிக்கும் பெடலின் இடுக்கிலிருந்து அதைத் தோண்டி எடுத்தாள். ஷாஃபியின் முகம் வெளுத்துவிட்டது.

"இத நான் பாக்கலியே. மேல போயி பெடல் சிக்கியிருந்தா..." முடிக்காமல் அவளைப் பார்த்தார். "நீ போலாம்."

பழத்தை அப்பாவின் கையில் திணித்துவிட்டு அவள் ஏறினாள்.

ஒரே ஒரு சுற்று. சுண்ணாம்பு மலைப் பக்கம் விமானம் திரும்பியபோது முருகனைக் கூப்பிட்டேன். சக்கரம் தரையைத் தொட்டதும் அழுதேவிட்டேன். அவளைப் பெற்ற அன்றைக்குக்கூட எனக்கு அப்படியொரு நிம்மதி இல்லை.

சேர்த்து வைத்திருந்த திட்டையெல்லாம் கொட்டிவிட அவர் பக்கம் திரும்பினேன். மூடிய கையிலிருந்து சாறு முழங்கை வரை வழிந்திருந்தது. பழம் கூழாகியிருந்தது.

"எறங்கிட்டாளா?" என்றார்.

"எறங்கிட்டா. கண்ணத் தொறங்க" என்றேன்.